பேட் மாற்றிய பிறகு முன் பிரேக் பிடிக்கவில்லையா? காசு செலவழிக்க முன் பார்க்க வேண்டியவை

டிஸ்க் பிரேக் பேட்டை வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றுவது பெரிய வேலை இல்லை. பேட்டைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரின் போல்ட் இரண்டு, பேட் பின் ஒன்றோ இரண்டோ. பழையதை எடுத்துப் புதியதை வைத்தால் முடிந்தது. தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்கும். புதுப் பேட் போட்ட பிறகும் லீவர் கைப்பிடிவரை போகும். அல்லது லீவர் நல்ல இறுக்கமாக இருக்கும், ஆனால் பைக் நிற்காது.

இந்த நேரத்தில் ஆளுக்கொரு ஆலோசனை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பிரேக் ஒயில் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்றார் ஒருவர். பேட் போலி என்றார் இன்னொருவர். ஒரு கராஜில் லீவரைத் தொட்டுப் பார்த்த கையோடு லீவரோடு சேர்ந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். மூன்றுமே நடக்கக்கூடிய விஷயங்கள்தான். ஆனால் லீவரை வடிவாகப் பிடித்துப் பார்த்து, எது என்று பிரித்துச் சொல்ல ஒருவரும் மெனக்கெடவில்லை. கடைசியில் ஒரு பாகமும் மாற்றாமலே பிரேக் சரியானது. என்ன செய்தேன் என்பது ஐந்தாவது படியில் வருகிறது.

முன்னால் ஒரு டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் உள்ள சாதாரண பைக்குகளுக்கு இது பொருந்தும். பல்சர், டிஸ்கவர், எஃப்இசட், அப்பாச்சி என்று நம் பக்கம் ஓடுபவற்றில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம்தான். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பைக் என்றால் ஐந்தாம் படிவரை நீங்களே செய்யலாம். காற்று எடுக்கும் வேலையை அதற்கான கருவி உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுச் சிக்கினால் கையால் எடுப்பது லேசில்லை.

1. பைக்கை நகர்த்தாமல் லீவரைப் பிடித்துப் பாருங்கள்

என்ஜின் வேண்டாம், வீதி வேண்டாம். டபுள் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு லீவரைப் பிடியுங்கள். கைக்குத் தெரிவது நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதல் சில பிடியில் லீவர் வெறுமையாகக் கைப்பிடிவரை போய், பிறகு படிப்படியாக மேலே வந்து இறுகி நின்றுவிட்டால் அது பழுதே இல்லை. புதுப் பேட் தடிப்பானது. அதை வைப்பதற்காக, பேட்டைத் தள்ளும் கலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அந்தப் பிஸ்டன் திரும்ப வெளியே வந்து பேட்டைத் தொடும்வரை லீவர் சும்மாதான் போகும். பத்துப் பதினைந்து தரம் நிதானமாகப் பிடித்து விட்டால் சரி. இதைச் செய்யாமல் வீதியில் இறங்குவதுதான் மிக மோசமான பொறி. முற்றத்தில் பைக் நன்றாக நகரும், படலையைத் தாண்டியதும் முதல் பிரேக்கில் ஒன்றுமே இருக்காது.

லீவர் மேலே வந்தும் பொதபொதவென்று இருந்தால், இறுகாமல் அமுங்கிக்கொண்டே போனால், குழாய்க்குள் காற்று. ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பிடித்தால் மறுபடியும் வெறுமையாகப் போவதும், இரண்டு மூன்று தரம் அடித்தால் எழும்புவதும் பெரும்பாலும் காற்றுத்தான். ஆனால் முன் சில்லின் பெயாரிங் ஆடினாலோ டிஸ்க் வளைந்திருந்தாலோ இதே மாதிரி நடக்கும். ஓடும்போது டிஸ்க் பேட்டுகளை ஒதுக்கித் தள்ளிவிடும். அடுத்த பிடியில் லீவர் அந்த இடைவெளியை நிரப்புவதற்கே போய்விடும். ஆகவே சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

லீவர் இறுக்கமாக, மேலேயே நிற்கிறது, ஆனால் பைக் நிற்கவில்லை என்றால் ஒயில் பக்கத்தில் வேலை இல்லை. பேட், டிஸ்க், பிஸ்டன், கலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைட் பின் என்று கீழ்ப்பக்கத்தில்தான் தேட வேண்டும். இந்த அறிகுறிக்குக் காற்று எடுப்பது வீண். ஆனால் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

நான்காவது: லீவரை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது அது மெதுவாக, ஒரே சீராகக் கீழே இறங்குகிறது. எங்கோ ஒயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள றப்பர் வாசர் போய்விட்டது. நிப்பிள் (கலிப்பரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு போல்ட்), குழாய் போல்ட், கலிப்பர், லீவரின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டாலும் படாவிட்டாலும் இந்த வகைக்கு நேரே ஒன்பதாவது படி.

இன்னொன்றையும் கையோடு பார்த்துவிடுங்கள். முன் சில்லைத் தூக்கிச் சுழற்றுங்கள். லேசாக உரசும் சத்தத்தோடு சுற்ற வேண்டும். இறுகி நின்றால் ஹேண்டிலில் உள்ள பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். பேட் தேயத் தேய ஒயில் மட்டம் இறங்கும்; அதைப் பார்த்து யாராவது இடையில் ஊற்றி நிரப்பியிருந்தால், புதுப் பேட் வைத்ததும் மட்டம் எல்லை தாண்டிவிடும். ஓடிச் சூடானால் ஒயில் விரியும், போக இடமிருக்காது, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மேல் கோட்டுக்குக் கீழே வரும்வரை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள்.

2. கடைக்குப் போக முன்: பத்திரம், சாமான், காசு, நேரம்

பழைய பேட்டை எறிந்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் முதல் பத்திரம். ஒரே பெயருள்ள பைக்கில்கூட ஆண்டுக்கு ஆண்டு கலிப்பர் மாறியிருக்கும். கடையில் "பல்சர் பேட்" என்று கேட்டால் அவர்கள் கைக்கு முதலில் வருவதைத் தருவார்கள். பழைய பேட்டையும், வாகனப் பதிவுப் புத்தகத்தில் மாடலும் உற்பத்தி ஆண்டும் உள்ள பக்கத்தின் போட்டோவையும் கொண்டு போங்கள். இரண்டு பேட்டையும் முதுகோடு முதுகு வைத்துப் பாருங்கள். பேட் பின் ஓட்டை, காது, இரும்புத் தகட்டின் தடிப்பு மூன்றும் ஒத்துவர வேண்டும். பில் கேட்டு வாங்கி, பேட் வந்த பெட்டியையும் வைத்திருங்கள். பில் இல்லாமல் மாற்றித் தரச் சொன்னால் எந்தக் கடையும் தராது. கம்பனி உத்தரவாதக் காலம் முடியாத பைக் என்றால் சர்வீஸ் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கைவையுங்கள்.

தேவையான சாமான்: 8 மில்லிமீட்டர் ரிங் ஸ்பனர் (பெரும்பாலான நிப்பிளுக்கு இதுதான், உங்களுடையதை அளந்து பாருங்கள்), கலிப்பர் போல்ட்டுக்கு ஏற்ற சொக்கெட், மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய் ஒரு மீட்டர், பார்மசியில் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், சாண்ட் பேப்பர், சிலிக்கன் கிறீஸ், பிரேக் கிளீனர். பிரேக் ஒயில் எது என்பதை டப்பா மூடியிலேயே அச்சடித்திருப்பார்கள்: டொட் 3 அல்லது டொட் 4. மூடி சொல்வதையே வாங்குங்கள். டொட் 5 என்பது சிலிக்கன் வகை. இவற்றோடு கலக்கவே கூடாது. முன் பிரேக்குக்கு 250 மில்லிலீட்டர் போத்தல் தாராளம். மலிவு என்று பெரிய போத்தல் வாங்காதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நமக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. உடைத்த போத்தலின் மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைப்பதில் பிரயோசனம் இல்லை.

ரூபாக் கணக்கு எழுதினால் இரண்டு மாதத்தில் பழசாகிவிடும். ஆனால் எதில் குறைவாக, எதில் கூடுதலாகப் போகும் என்பது மாறாது. சவர்க்காரமும் சாண்ட் பேப்பரும் கணக்கிலேயே வராது. கிறீஸும் ஒரு போத்தல் ஒயிலும் கைக்கு அடக்கமான செலவு. வாசர் செட், பேட் என்பவை அதற்கு மேலே. முழு மாஸ்டர் சிலிண்டர், கலிப்பர், டிஸ்க் என்று போனால்தான் மாதச் சம்பளத்தில் கை வைக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது. மிச்சம் பிடிப்பதென்றால் கருவியில் பிடியுங்கள், பக்கத்து வீட்டில் இரவல் கேளுங்கள். பேட்டிலும் ஒயிலிலும் பிடிக்காதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். அரை நாள் ஒதுக்குங்கள். காற்று எடுப்பதாக இருந்தால் ஓர் இரவும் சேர்த்து ஒதுக்குங்கள். அடுத்த நாள் விடிய தூரப் பயணம் இருந்தால் முதல் நாள் பின்னேரம் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகளை நம்பியிருந்தால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தைக் கணக்கில் எடுங்கள். கலிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு கடை திறக்கும்வரை குந்தியிருக்க வேண்டி வரும். மாரிக்கு முன், புரட்டாதிக்குள் முடித்துவிட்டால் இன்னும் நல்லது. பேட் பழக்குவதற்கு (ஏழாவது படி) காய்ந்த வீதி வேண்டும். மழை பிடித்துவிட்டால் அது கிடைப்பது கஷ்டம்.

3. பேட் சரியாகத்தான் இருக்கிறதா?

கலிப்பரைத் திரும்பக் கழற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. கழற்றியதும் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டிவிடுங்கள். கலிப்பர் வெளியே இருக்கும்போது லீவரைப் பிடிக்காதீர்கள். பிஸ்டன் வெளியே குதித்தால் வேலை இரட்டிப்பாகும்.

பேட்டின் கறுப்புப் பக்கம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், இரும்புப் பக்கத்தைத் திருப்பிப் போட்டு ஓடிய பைக்குகள் உண்டு. கலிப்பருக்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். அது கழன்றோ தலைகீழாகவோ இருந்தால் பேட் சரிந்து உட்கார்ந்து ஒரு மூலை மட்டும் பிடிக்கும். பேட் பின்னையும் அதன் பூட்டுக் கிளிப்பையும் பாருங்கள். பின் துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருந்தால் பேட் அந்தப் பள்ளத்தில் சிக்கி நகராது. புதுப் பின் மலிவு, மாற்றிவிடுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பை ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். டிஸ்க் அதைவிடத் தேய்ந்திருந்தால், அல்லது நகம் சிக்கும் அளவுக்கு வரி விழுந்திருந்தால், புதுப் பேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முழுதாகப் பிடிக்காது.

4. எண்ணெய் பட்ட பேட்டும் டிஸ்க்கும்

லீவர் இறுக்கம், பிடி இல்லை என்ற புகாரில் பாதி இங்கேதான் தீரும். செயின் ஒயில் பூசிய கையோடு பேட்டைத் தொட்டிருப்போம். பக்கத்தில் துருவுக்கு அடித்த ஸ்பிரே காற்றில் வந்து டிஸ்க்கில் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் போதும்.

டிஸ்க்கை பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் கழுவி, வெள்ளைத் துணியில் கறுப்பு வராதவரை துடையுங்கள். கிளீனர் கிடைக்காவிட்டால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல். அதுவும் இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் சுடுதண்ணீரும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். நம் கராஜ்களில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து, ஆனால் இங்கே அவை விட்டுப்போகும் மிச்சமே புது நோயாகும். புது டிஸ்க் போட்டிருந்தால் அதன் மேல் துருத் தடுப்புப் பூச்சு இருக்கும். அதையும் கழுவித்தான் ஓட வேண்டும்.

பேட்டைப் பார்த்தால் தெரியும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினால் சூட்டில் இறுகிவிட்டது என்று பொருள். மட்டமான ஓட்டுத் துண்டிலோ தரையிலோ சாண்ட் பேப்பரை விரித்து, பேட்டை அதன்மேல் 8 என்ற எண்ணின் வடிவில் தேயுங்கள். மினுக்கம் போனால் போதும். தூளை வாயால் ஊதாதீர்கள், முகக்கவசம் போடுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள். மலிவான பேட்டுகளில் என்ன கலந்திருக்கிறது என்று பெட்டியில் எழுதமாட்டார்கள்.

பேட் பிரேக் ஒயிலிலோ கிறீஸிலோ ஊறியிருந்தால் கதை வேறு. அடுப்பில் சுட்டு எடுக்கலாம், தீ வைத்து எரிக்கலாம் என்பார்கள். நம்பாதீர்கள். உள்ளே இறங்கிய எண்ணெய் சூடாகும்போது திரும்ப மேலே வரும், அதுவும் நீங்கள் அவசரமாகப் பிடிக்கும் நேரத்தில். அந்தச் சோடியை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

5. பிஸ்டனும் ஸ்லைட் பின்னும்: உப்புக்காற்றின் வேலை

கடற்கரையோரம் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று கடலோடு ஒட்டியே போகும் இந்தக் கரையில் பைக்கின் மற்றப் பாகங்களுக்கு முன் துருப்பிடிப்பது கலிப்பர்தான். மழைநீர் தேங்கிய வீதியில் ஓடிவிட்டுக் கழுவாமல் விட்டால் இன்னும் கெதியாக.

நம் பைக்குகளின் கலிப்பர் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள வகை. பிஸ்டன் ஒரு பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில் கலிப்பர் முழுவதும் ஸ்லைட் பின்களில் வழுக்கி வந்து மற்றப் பேட்டை இழுக்கும். ஸ்லைட் பின் இறுகிவிட்டால் ஒரு பேட்தான் வேலை செய்யும். லீவர் இறுக்கமாகவே இருக்கும், ஒயில் கசியாது, காற்று இருக்காது, ஆனால் பிடி பாதி. எனது பைக்கில் இருந்தது இதுதான். பழைய பேட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தகடுவரை தேய்ந்திருந்தது. மற்றதில் நடுவிலுள்ள பள்ளக் கோடு இன்னும் அப்படியே இருந்தது. பழைய பேட்டை எறியாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

கலிப்பரைக் கையில் பிடித்து அதன் தாங்கியை உள்ளும் வெளியும் தள்ளிப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ள நகர வேண்டும். நகராவிட்டால் இழுத்துக் கழற்றுங்கள். பின்னில் செம்மண் நிறத்தில் துருவும் காய்ந்த கிறீஸும் கட்டியாக ஒட்டியிருக்கும். துணியால் துடைத்து, மிக நைசான சாண்ட் பேப்பரால் மினுக்கி, றப்பர் உறைக்குள் இருக்கும் பழைய கிறீஸையும் வழித்தெடுங்கள். பிறகு சிலிக்கன் கிறீஸை மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள். பெயாரிங்குக்குப் போடும் சாதாரண கிறீஸ் வேண்டாம். அது றப்பரை ஊத வைக்கும், ஊதிய றப்பர் பின்னை மறுபடியும் இறுக்கும். கிழிந்த உறையை அப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாரியில் திரும்ப இதே வேலை.

பிஸ்டனுக்கு வருவோம். தேய்ந்த பேட்டோடு ஓடியபோது பிஸ்டன் நீண்ட காலம் வெளியே நின்றிருக்கும், அதில் தூளும் உப்பும் படிந்திருக்கும். அந்த அழுக்கோடு உள்ளே தள்ளினால் அது றப்பர் வளையத்தில் உரசி பிஸ்டனைச் சிக்க வைக்கும். அதனால் தள்ளுவதற்கு முன் சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் கொண்டு சுற்றிவரத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, துளி பிரேக் ஒயில் தடவி, கையால் தள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது. பழைய பேட்டை வைத்து அதன்மேல் அழுத்தினால் நேராகப் போகும். அழுத்தும்போது மேலே டப்பாவில் ஒயில் ஏறும், மூடியைச் சுற்றித் துணி கட்டுங்கள். பிரேக் ஒயில் டேங்கில் சிந்தினால் பெயின்ட் உரிந்துவிடும். துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

பிஸ்டனை உள்ளே தள்ள நிப்பிளைத் திறந்துவிடுவதும் ஒரு முறைதான். ஆனால் திறந்தபடியே பிஸ்டன் ஒரு மயிரிழை திரும்பினாலும் காற்றை உறிஞ்சிவிடும். பேட் மாற்றுவதற்கு முன் இல்லாத காற்று பிறகு வந்ததென்றால் பெரும்பாலும் வழி இதுதான்.

6. காற்று எடுப்பது

இரண்டு பேர் இருந்தால் சுகம். ஒருவர் லீவரில், ஒருவர் நிப்பிளில். தம்பியோ மகனோ லீவரில் நிற்பதென்றால் முதலே பேசிவையுங்கள்: "நான் சொல்லும்வரை கையை விடாதே." முழுச் சூட்சுமமும் அந்த ஒரு வரிதான்.

ஒயில் டப்பா மட்டமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்புங்கள். டேங்கின் மேல் ஈரத் துணி போடுங்கள். மூடியின் ஸ்குரூக்கள் துருவில் இறுகியிருக்கும், தலைக்குச் சரியாக உட்காரும் ஸ்குரூ டிரைவரால் மட்டும் திருப்புங்கள். தலை வழுக்கிவிட்டால் அதை எடுப்பதே தனி வேலை. பழைய ஒயில் தேயிலைச் சாயத்தில் இருந்தால் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பனரை மாட்டி, அதன்மேல் குழாயைச் செருகி, குழாயின் மறுமுனை ஒரு போத்தலில் கொஞ்சம் ஒயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள்.

லீவரில் இருப்பவர் மூன்று நான்கு தரம் மெதுவாக அடித்துவிட்டு இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். ஒயிலும் குமிழியும் வரும், லீவர் கைப்பிடிவரை போகும். அது நிற்பதற்கு முன் நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். திரும்ப அதே. இரண்டு மூன்று முறைக்கு ஒருதரம் டப்பாவைப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் மேலிருந்து காற்று இறங்கும், அதுவரை எடுத்ததெல்லாம் வீண். குழாயில் குமிழி வருவது நின்று, தெளிந்த ஒயில் மட்டும் வரும்வரை தொடருங்கள். இடையிடையே பிரேக் குழாயையும் கலிப்பரையும் ஸ்பனர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் ஒட்டிய குமிழிகள் கழன்று வரும்.

நிப்பிளை முறுக்கி இறுக்க வேண்டியதில்லை. அது சிறிய, நடுவில் ஓட்டை உள்ள போல்ட். பலத்தைக் காட்டினால் உடைந்து பாதி உள்ளே நின்றுவிடும். பிறகு கலிப்பர் விலைதான்.

கீழே குமிழி வராமலும் லீவர் இன்னும் பொதபொதவென்றால், காற்று மேலே, மாஸ்டர் சிலிண்டரோடு குழாய் சேரும் போல்ட்டடியில் நிற்கிறது. டப்பாவைத் திறந்து வைத்து லீவரை ஒரு சென்டிமீட்டர் மட்டும் அடிக்கடி மெதுவாக இழுத்து விடுங்கள். டப்பாவின் அடியிலுள்ள சிறிய ஓட்டையில் ஊசிமுனைக் குமிழிகள் எழும்பும். இந்த வேலைக்குப் பொறுமைதான் கருவி. அவசரப்பட்டு முழு லீவரையும் இழுத்தால் ஒயில் நேரே முகத்துக்கு அடிக்கும்.

அதற்குப் பிறகு டப்பாவை மூடி, பழைய ரியூப் துண்டால் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுக்கப் போங்கள். இரவு முழுக்க மிச்சக் குமிழிகள் மேலே ஏறி நிற்கும், விடிய அவிழ்த்ததும் டப்பாவுக்குள் வெளியேறும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. விடிய லீவர் தளர்ந்து கைப்பிடியில் படுத்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

காற்று இல்லாவிட்டாலும் ஒயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். புது டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ்வரை கொதிக்காது; ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கும். டொட் 3க்கு அது 205இலிருந்து 140. மட்டக்களப்பு மேசை மட்டம், இங்கே அந்தச் சூடு வராது, அதனால் பழுதும் தெரியாது. செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்குப் போய் மலை இறங்கும்போதுதான் ஒயில் கொதித்து ஆவியாகி லீவர் வெறுமையாகப் போகும்.

7. பேட் பழக்குவது

எல்லாம் சரி, லீவர் இறுக்கம், ஆனாலும் முன்பு இருந்த பிடி இல்லையே என்றால் பயப்பட வேண்டாம். புதுப் பேட் டிஸ்க்கின் மேடு பள்ளத்தோடு இன்னும் ஒத்துப்போகவில்லை. அதைப் பழக்க வேண்டும், ஊருக்குள் சும்மா ஓடினால் சரியாகப் பழகாது.

வெறிச்சோடிய நேரான வீதி வேண்டும். கல்முனை வீதியும் கல்லடிப் பாலமும் இதற்குச் சரிவராது. வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுப் பக்கமோ, மண்முனைப் பாலம் கடந்து படுவான்கரையின் உள்வீதிகளோ தோது. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு போங்கள். மாட்டுப் பட்டி வீதி கடக்கும் நேரத்தை ஊர் ஆட்களிடம் கேட்டுவிட்டால் நல்லது. கிறவல் வீதியில் வேண்டாம், முன் சில்லு வழுக்கும்.

முதலில் நடை வேகத்தில் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் போய் சீரான அழுத்தத்தில் பத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பேட்டை ஓரிடத்தில் அழுத்தி வைத்தால் டிஸ்க்கில் அந்த இடம் மட்டும் படிந்து பிறகு லீவர் துடிக்கும். இப்படி இருபது முப்பது தரம், இடையில் கொஞ்சத் தூரம் சும்மா ஓடி ஆறவிட்டு. ஒவ்வொரு முறையும் பிடி கூடுவது கைக்கே தெரியும். கடைசியில் பிரேக் தொடாமல் சில கிலோமீட்டர் ஓடி ஆறவிடுங்கள்.

சோதனை ஓட்டம்தானே என்று பேர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, தலைக்கவசம் நான்கும் வேண்டும். ஒரே வீதியில் மேலும் கீழும் ஓடும் பைக்கைப் பொலிஸார் நிறுத்துவது இயல்பு. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுத்த புகைப் பரிசோதனைச் சான்றிதழை நீட்டி வண்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று வாதாட வேண்டாம். அது புகையைத்தான் பார்த்தது, பிரேக்கை அல்ல.

8. பின் பிரேக்கை மறக்காதீர்கள்

முன்னால் கழற்றிப் பூட்டும் சூட்டோடு பின் டிரம்மையும் பாருங்கள். மிதியை அழுத்தினால் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் பிடிக்க வேண்டும். கூடப் போனால் கம்பியின் நட்டை இறுக்குங்கள், பிறகு சில்லு சும்மா சுற்றுகிறதா என்று பாருங்கள். டிரம் மேல் உள்ள அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தாண்டியிருந்தால் நட்டை இறுக்கிப் பயனில்லை, டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ முடிந்துவிட்டது.

9. எப்போது கராஜுக்கு

லீவர் மெதுவாக இறங்கும் வகை, ஈரம் காட்டும் கலிப்பர், நகராத பிஸ்டன், உடைந்த நிப்பிள், ஏபிஎஸ் பைக்கில் காற்று. இவற்றை வீட்டில் வைத்துப் போராட வேண்டாம். பிரேக் இல்லாத பைக்கை மெதுவாக ஓட்டிக் கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதீர்கள். லான்ட் மாஸ்டரிலோ சின்ன லொறியிலோ ஏற்றுங்கள், அல்லது மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

போனதும் "பிரேக் பிடிக்குதில்லை அண்ணன்" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் எல்லாம் முதலிலிருந்து. என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்: பேட் புதிது, ஸ்லைட் பின் கழுவிக் கிறீஸ் போட்டது, ஒயில் மாற்றியது, இரவு கட்டி வைத்தும் லீவர் இறங்கியது. இவ்வளவு சொன்னால் நல்ல மெக்கானிக் நேரே வாசரில் கை வைப்பார். மாஸ்டர் சிலிண்டரை முழுதாக மாற்ற வேண்டும் என்றால், வாசர் செட் மட்டும் போட்டுப் பார்க்க முடியாதா என்று கேளுங்கள். சிலிண்டரின் உட்சுவரில் பள்ளமோ துருவோ இருந்தால் அவர் சொல்வது சரி. அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், வெளிச்சத்தில் பிடித்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும். கூலியையும் பாகத்தின் விலையையும் தனித்தனியாகப் பேசி, வேலை தொடங்க முன்பே முடிவு செய்யுங்கள். காற்று எடுப்பது சின்னக் கூலி வேலைதான்.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். பைக்கைக் கையில் எடுத்ததும் கராஜ் வாசலிலேயே நிறுத்தி, லீவரைப் பத்துத் தரம் அடித்து, இறுகப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.